நம் பத்திரத்தை யார் படிக்கிறார்கள்?

(மாணவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் செங்கல்பட்டில் நடந்த ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு, "வீட்டுமனை வாங்கும்போது கவனிக்க வேண்டிய சட்ட விஷயங்கள்." தலைப்பைக் கேட்டதும் முன்வரிசையில ரெண்டு தோழர்கள் சிரிச்சாங்க. நில மீட்பு பேச வேண்டிய மேடையில வக்கீல் ரியல் எஸ்டேட் பேசப் போறாரான்னு ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் சொல்லிட்டே ஆரம்பிக்கிறேன்.

நம்ம ஜனங்க நிலத்தை எங்கே இழந்தாங்க? அடிச்சுப் பிடுங்கினது உண்டு. ஆனால் சத்தமில்லாமல் போனது சார்பதிவாளர் அலுவலகத்துத் திண்ணையில். "ஒத்திதான் போடறேன், மூணு வருஷத்துல மீட்டுக்கடா" என்று சொல்லிக் கூட்டிப் போனான். பத்திரத்தில் 'சுத்தக் கிரையம்' என்று எழுத வைத்தான். படித்துக் காட்டாமலே கைநாட்டு வாங்கினான். எழுதினவன் அவன் ஆள். சாட்சி போட்டவன் அவன் ஆள். அடையாளம் காட்டினவன் அவன் ஆள். அந்தக் காகிதத்தில் நம்முடையதாக இருந்தது கட்டைவிரல் மட்டும்தான்.

இன்றைக்கு நம்ம பிள்ளைகள் படித்து வேலைக்குப் போகிறார்கள். ஊருக்கு வெளியே, சேரிக்கும் வெளியே, ரெண்டு சென்ட் மனை வாங்கி ஒரு வீடு கட்டணும் என்று நினைக்கிறார்கள். இருபது வருஷச் சம்பளத்தை வங்கியில் அடகு வைத்து வாங்குகிறார்கள். கைநாட்டுக்குப் பதில் கையெழுத்து. ஆனால் அந்தப் பத்திரத்தை முழுசாகப் படித்தது யார்? தரகர் ஒரு எழுத்தரைக் காட்டினார், எழுத்தர் ஒரு இடத்தைக் காட்டினார், இவர் கையெழுத்துப் போட்டார். பாட்டனுக்கு நடந்ததும் இதுதானே? அதனால்தான் இந்தத் தலைப்பு. நான் சொல்லப் போவது ஒரே விஷயம். நிலம் வாங்குகிற அன்றைக்கு, விற்பவனுக்கோ தரகனுக்கோ வங்கிக்கோ கடமைப்படாமல், நமக்காக மட்டும் அந்தக் காகிதத்தைப் படிக்கிற ஒரு ஆள் நம் பக்கத்தில் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் இதன் விளக்கம்தான்.

முதலில் அந்த மேசையைச் சுற்றி யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

தரகர். கிரையம் முடிந்தால்தான் அவருக்குக் கமிஷன். அவருக்கு நல்ல செய்தி என்பது பதிவு நடப்பது ஒன்றுதான்.

ஆவண எழுத்தர். உரிமம் வாங்கிய தொழிலாளி. சொன்னதைச் சட்ட நடையில் எழுதிக் கொடுப்பார். பலபேர் நேர்மையான ஆட்கள். ஆனால் நிலம் யாருடையது என்று ஆராய்வது அவர் வேலை இல்லை. அதுக்கு அவர் பணம் வாங்கவும் இல்லை.

வங்கியின் பேனல் வக்கீல். இங்கேதான் படித்தவர்களும் ஏமாறுகிறோம். "பேங்க் வக்கீலே ஓகே சொல்லிட்டார் சார்" என்கிறார்கள். அவர் வங்கிக்கு வக்கீல். கொடுத்த கடன் திரும்பி வருமா என்று பார்ப்பவர். உங்கள் மனை போனாலும் உங்கள் சம்பளத்திலிருந்து தவணையைப் பிடிக்க வங்கிக்கு வழி இருக்கு. உங்களுக்கு என்ன வழி?

கடைசியாக சார்பதிவாளர். அரசு முத்திரை குத்திவிட்டால் அரசே உத்தரவாதம் கொடுத்த மாதிரி என்று நம்புகிறோம். விற்பவருக்கு உண்மையிலேயே உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அதிகாரியின் வேலை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. பதிவு என்பது, இந்தக் கைமாற்றம் இந்தத் தேதியில் நடந்தது என்பதற்குச் சாட்சி. விற்றவன் உடைமையாளன்தான் என்பதற்கு அது சாட்சி ஆகாது. தன்னிடம் இல்லாத உரிமையை எவனும் விற்க முடியாது. முத்திரையோடு விற்றாலும் முடியாது.

இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிற மேசையில் வாங்குகிறவனுக்கு என்று ஒருத்தரும் இல்லை. அந்த நாற்காலியில் உட்கார ஒரு வக்கீலைத் தேடணும்.

எப்படித் தேடுவது? உள்ளூர் வக்கீலா, வெளியூர் வக்கீலா என்று சீட்டில் எழுதிக் கேட்டிருக்கிறார் ஒரு தோழர். நல்ல கேள்வி. பொதுவா எல்லாரும் உள்ளூர் வக்கீலைத்தான் பாருங்கள் என்பார்கள். காரணம் இருக்கு. அந்த வட்டத்தில் எது ஏரிப் புறம்போக்கு, எது கோயில் நிலம், எந்தக் குடும்பத்தில் பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். தாலுகா ஆபீஸில் எந்தப் பதிவேடு எந்த அலமாரியில் கிடக்கிறது என்று தெரியும். ஆனால் நமக்கு இதில் இன்னொரு கணக்கு உண்டு. தாலுகா ஊர்களில் பெயர்பெற்ற சிவில் வக்கீல்கள் பலர், தலைமுறையாக நிலம் வைத்திருக்கிற குடும்பங்களுக்கு வக்கீல்கள். நாம் யாரிடம் நிலம் வாங்குகிறோமோ, அவருடைய அப்பா காலத்துப் பத்திரமே அந்த ஆபீஸில் எழுதப்பட்டிருக்கும். அப்படிப்பட்டவரிடம் போய் "இந்த நிலத்தில் வில்லங்கம் இருக்கா" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

அதனால் நான் சொல்வது: அந்த மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்கு நடத்துகிறவராக இருக்கட்டும். ஆனால் விற்பவர், மனைப்பிரிவு போட்டவர், தரகர் மூணு பேருக்கும் சம்பந்தமில்லாதவராக இருக்கட்டும். தேவைப்பட்டால் பக்கத்துத் தாலுகாவிலிருந்து வரட்டும். போனதும் நேராகக் கேளுங்கள்: "சார், இந்த விற்பவருக்கோ மனைப்பிரிவுக்காரருக்கோ நீங்க எப்பவாவது ஆஜராகியிருக்கீங்களா?" கேட்கக் கூச்சப்படாதீர்கள். நம்மவர்கள் வக்கீல் ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றுகொண்டே பேசுகிறார்கள். உட்காருங்கள். பணம் கொடுத்து வேலை வாங்க வந்திருக்கிறீர்கள்.

"நம்ம சாதி வக்கீல்னா போதுமா?" என்று இன்னொரு சீட்டு. தோழர், போதாது. நம்ம வலி தெரிந்த ஆள் என்பது நல்லதுதான். ஆனால் கிரிமினல் கோர்ட்டில் நன்றாக வாதாடுகிறவர் முப்பது வருஷத்துத் தாய்ப்பத்திரத்தைப் புரட்டிப் பார்ப்பார் என்று சொல்ல முடியாது. யாராக இருந்தாலும் நாலு விஷயம் பாருங்கள். ஒன்று, வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு எண் உள்ளவரா. ரெண்டு, ஃபீஸ் எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்கிறாரா, ரசீது கொடுக்கிறாரா. மூணு, கருத்துரையை எழுத்தில் கொடுக்கிறாரா. எந்தெந்த ஆவணத்தைப் பார்த்தேன், எது இல்லை, வாங்கலாமா வேண்டாமா என்று கையெழுத்துப் போட்டுத் தரணும். "நான் பார்த்துட்டேன், ஒண்ணும் பயமில்ல" என்று வாயால் சொல்வது கருத்துரை ஆகாது. நாலு, கிரையத் தொகையில் இத்தனை சதவீதம், பதிவு முடிந்தால் கொடு என்று கேட்கிறவரிடம் போகாதீர்கள். பதிவு நடந்தால்தான் தனக்குக் காசு என்றால் அவரும் இன்னொரு தரகர்தான். வேண்டாம் என்று சொன்னாலும் கூலி உண்டு என்ற நிலையில் இருக்கிறவர்தான் துணிந்து வேண்டாம் என்பார்.

"ஃபீஸுக்கு எங்கே போவது?" என்று பின்னாலிருந்து அம்மா கேட்கிறாங்க. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம், 12ஆவது பிரிவு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள் இவர்களுக்கு இலவச சட்ட உதவி உரிமை. வருமான வரம்பு கிடையாது. கோர்ட்டில் வழக்கு நடத்துவதற்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம். சட்ட விஷயத்தில் ஆலோசனை சொல்வதும் சட்டப்பணிதான் என்று அந்தச் சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் தாலுகா கோர்ட்டிலும் அந்த அலுவலகம் இருக்கு. தொலைபேசி எண் 15100. நமக்குச் சட்டப்படி சேர வேண்டியதை வாங்கப் போகிறோம். தர்மம் கேட்கப் போகவில்லை.

இனி சீட்டுகளில் வந்த கேள்விகள். முடிந்தவரை சுருக்கமாகச் சொல்லிப் போகிறேன்.

"பட்டா இருந்தா போதாதா?" போதாது. பட்டா வருவாய்த்துறைக் கணக்கு. கிரையப் பத்திரம், பாகப்பத்திரம், உயில், தானசெட்டில்மெண்ட் இப்படி ஒரு மூல ஆவணத்திலிருந்து உரிமை வரணும். அதை ஒட்டிப் பட்டா வரும். பட்டா மட்டும் உரிமையைக் கொடுக்காது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கு. 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் யாரோ ஒருத்தர் நிலம் இன்னொருத்தர் பேரில் ஏறின கதை ஊருக்கு ஊர் உண்டு. அதனால் முப்பது வருஷத்துக்குக் குறையாமல் பின்னோக்கிப் போய், ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் பத்திரம் இருக்கா என்று பார்க்கணும். சங்கிலியில் ஒரு கண்ணி இல்லையென்றால் அங்கே நிறுத்திக் கேள்வி கேட்கணும்.

"வில்லங்கச் சான்று இணையத்துல இலவசமா வருதே, அதுல ஒண்ணும் இல்லைன்னா?" பதிவானது மட்டும்தான் அதில் வரும். பதிவாகாத ஒப்பந்தம், பதிவாகாத உயில், வாரிசுகளின் பங்கு, கோர்ட்டில் கிடக்கிற வழக்கு இதெல்லாம் அதில் தெரியாது. வழக்கு நடக்கும்போது வாங்கினால் தீர்ப்பு உங்களையும் கட்டுப்படுத்தும். இது 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் 52ஆவது பிரிவு. இன்னொன்று, கணினியில் ஏறாத பழைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியா மனுப் போட்டுக் கையால் எழுதின பதிவைத் தேடச் சொல்லணும். பழைய சர்வே எண், புது சர்வே எண் ரெண்டுக்கும் போடணும். ஏன் என்பதைப் பிறகு சொல்றேன்.

"பவர் வாங்கினவர் விக்கிறார், வாங்கலாமா?" பவர் என்பது வேலை செய்யக் கொடுத்த அதிகாரம்தான். பவர் பத்திரத்தாலேயே நிலம் கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்திருக்கிறாரா, இது ரெண்டும் தெரியாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். முடிந்தால் உடைமையாளரையே நேரில் பாருங்கள்.

"இருபது ரூபாய் பத்திரத்துல ஒப்பந்தம் போட்டு அட்வான்ஸ் கொடுத்துட்டேன்." தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய ஒப்பந்தத்தையும் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்யுங்கள். கெடு தேதியை எழுதுங்கள். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். விற்பவர் ஏமாற்றினால், கிரையம் செய்து தரச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போகக் கெடு மூன்று வருஷம். "அண்ணன்தானே, தருவார்" என்று உட்கார்ந்திருந்தால் காலம் போய்விடும்.

"அக்கா தங்கச்சி கையெழுத்து வேணுமா?" வேணும். தகப்பன் உயில் எழுதாமல் இறந்திருந்தால் அவர் சொந்த சம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லாருக்கும் சம பங்கு என்பது 1956லிருந்தே இந்து வாரிசுரிமைச் சட்டம். பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989 திருத்தத்தில் வந்தது, அன்றைக்குக் கல்யாணமாகாத பெண்களுக்கு. 2005இல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் வந்தது. கிறிஸ்தவக் குடும்பமென்றால் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் வித்தியாசமில்லை. வாரிசுச் சான்றிதழை வாங்கி, அதில் இருக்கிற ஒவ்வொரு பேரும் பத்திரத்தில் இருக்கா என்று எண்ணிப் பாருங்கள். இதில் ஒரு வேடிக்கை. நாம் மேடையில் விடுதலை, விடுதலை என்கிறோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் 'விடுதலைப் பத்திரம்' என்றால் தன் பங்கை விட்டுக்கொடுப்பது என்று அர்த்தம். நம்ம வீட்டிலேயே தங்கச்சியிடம் ரெண்டு புடவையைக் கொடுத்து விடுதலை எழுதி வாங்குகிற அண்ணன்மார் இருக்கிறார்கள். நிலவுடைமை பற்றிப் பேசுகிற நாம் அதையும் பேசணும்.

"அங்கீகாரம் பெற்ற மனைன்னு விளம்பரம் போட்டிருக்கான்." நகர் ஊரமைப்பு இயக்ககம் அல்லது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அங்கீகார எண்ணை வாங்கிச் சரிபாருங்கள். அங்கீகாரமில்லாத விவசாய நிலத்தைப் புதுசா மனையாக்கிப் பதிவு செய்ய முடியாது. 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளுக்கு வரன்முறைத் திட்டம் வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திலும் பதிவு இருக்கணும். ஆனால் கவனம். சாலை எத்தனை அடி, பூங்கா எங்கே என்று பார்த்துக் கொடுப்பதுதான் அங்கீகாரம். நிலம் யாருடையது என்று தீர்மானித்துக் கொடுப்பது அல்ல.

"செலவு?" மனைக் கிரையத்துக்கு முத்திரைத்தீர்வை 7 விழுக்காடு. பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலில் 4லிருந்து 2 விழுக்காடாகக் குறைந்தது. 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பேரில் பதிந்தால் அதிலும் ஒரு விழுக்காடு குறைப்பு, 2025 ஏப்ரல் முதல். மனைவி பேரில் வாங்குங்கள். ஒரு விழுக்காட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. குடித்துவிட்டு விற்கிற கை யாருடையது என்று உங்களுக்கே தெரியும்.

"காலனியில இலவசமா கொடுத்த வீட்டுமனையை வாங்கலாமா?" ஒப்படை ஆணையில் நிபந்தனை இருக்கும். எத்தனை வருஷம் விற்கக் கூடாது, யாருக்கு விற்கலாம் என்று. ஆணையை வாங்கிப் படிக்காமல் வாங்காதீர்கள். மனையை அளந்து காட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பட்டாவைக் கொடுத்துவிட்டு இடத்தைக் காட்டாமல் விட்ட காலனிகள் எத்தனை! கிராம நத்தம் என்றால் அது வேறு. நத்தம் அரசாங்கப் புறம்போக்கு அல்ல, குடியிருப்பவருக்கு உரியது என்று உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கு. கையில் இருப்பது தோராயப் பட்டாவா தூய பட்டாவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்ப, கடைசிக் கேள்வி. யாரும் சீட்டில் எழுதாத கேள்வி. வாங்கப் போகிற மனை பஞ்சமி நிலமா?

இந்த ஊரில் நின்று இதைப் பேசாமல் போக முடியாது. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்கீர், பறையர் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்க ஆணை போட்டது. மாகாணம் முழுக்க ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லி வருகின்றன. நிபந்தனை என்ன? முதல் பத்து வருஷம் விற்கவோ, அடகு வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் கைமாற்றலாம். மீறினால் கைமாற்றம் செல்லாது, அரசு நிலத்தை இழப்பீடு இல்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவு கெட்டியாக எழுதின ஆணை காகிதத்தில் இருக்க, நிலம் கைமாறிப் போச்சு. அதை மீட்கத்தான் 1994இல் காரணை மக்கள் எழுந்தார்கள். அந்த அக்டோபரில் இந்தச் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் தோழர்கள் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள்.

இந்த நிலங்கள் இன்றைக்கு மனைப்பிரிவுகளுக்குள்ளே கிடக்கின்றன. எப்படிக் கண்டுபிடிப்பது? என்னிடம் வந்த ஒரு விஷயத்தைச் சொல்றேன்.

கணவன் மனைவி ரெண்டு பேரும் நகராட்சித் தூய்மைப் பணியில் இருக்கிறவங்க, நம்ம ஜனங்க. ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஒரு கட்டு ஜெராக்ஸோடு வந்தாங்க. வில்லங்கம் சுத்தம். பட்டா இருக்கு. அங்கீகாரம் இருக்கு. வங்கி வக்கீலும் சரி என்று சொல்லிவிட்டார். பத்திரச் சங்கிலி 1987இல் ஒரு கிரையத்தோடு நின்னது. அதுக்கு முன்னாடி என்ன என்று கேட்டேன். "அவ்வளவுதான் கொடுத்தாங்க ஐயா" என்றார்கள். பழைய சர்வே எண்ணுக்கு மனுப் போட்டுத் தேடினோம். 1971இல் ஒரு கிரையம் வந்தது. எழுதிக் கொடுத்தவர் கைநாட்டு. "எனக்கு சர்க்காரால் ஒப்படை செய்யப்பட்டு என் அனுபவத்திலிருந்து வரும்" என்று ஒரு வரி. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு தாலுகா ஆபீஸில் செட்டில்மெண்ட் காலத்து ஏ பதிவேட்டைக் கேட்டோம். இன்று நாளை என்று இழுத்து, கடைசியில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்ட பிறகு நகல் வந்தது. குறிப்புக் கலத்தில் டி.சி. என்று ரெண்டே எழுத்து. நிபந்தனை நிலம். பிற்காலத்துப் பதிவேட்டில் அந்த ரெண்டு எழுத்து இல்லை.

விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாங்க: "நம்மகிட்ட வாங்கின நிலத்தையா ஐயா நமக்கே விக்கிறான்?"

இந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்ல? சட்டப்படி பதில் இருக்கு. நோட்டீஸ் அனுப்பினோம். அட்வான்ஸில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தான். அவர்கள் வேற இடத்தில் சின்ன மனையா வாங்கினாங்க. ஆனால் அந்த 1971 கைநாட்டுக்காரருடைய பேரப்பிள்ளைகள் எங்கே என்று தேடிப் போகிற வேலை இன்னும் பாக்கி இருக்கு. அது வக்கீல் வேலை மட்டும் இல்லை. இயக்கத்தின் வேலை.

ஒரு தோழர் குறுக்கே கேட்கிறார்: "நானும் தலித்துதானே, தலித் வாங்கினா செல்லும்தானே?" கவனமாகக் கேளுங்கள். ஒப்படை பெற்ற குடும்பம், கெடு முடிந்து, நேராக இன்னொரு தலித்துக்கு விற்றால் நிபந்தனை அதுக்கு இடம் தருகிறது. அதையும் ஆணையை வரிவரியாகப் படித்த பிறகு, நிபந்தனை நிலம் என்று பத்திரத்தில் எழுதித்தான் செய்யணும். ஆனால் நடுவில் தலித் அல்லாத ஒருவர் கைக்கு ஒரு தடவை போயிருந்தால், அந்தக் கைமாற்றமே செல்லாது. அவனிடமிருந்து வாங்குகிற நீங்கள் யாராக இருந்தாலும் உங்கள் உரிமையும் நிற்காது. நாற்பது வருஷம் கைமாறிப் போச்சே என்பார்கள். தாழ்த்தப்பட்டோருக்கு அரசு கொடுத்த நிலங்களின் கைமாற்றத்தைத் தடை செய்த கர்நாடகச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1984இலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கு. நம்ம மாநிலத்தில் இதுக்கென்று அப்படி ஒரு தனிச் சட்டம் கேட்டுத்தான் போராட வேண்டியிருக்கு.

சட்டத்தை விடுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று நாமே அந்த மனையை வாங்கினால், நாளைக்கு அந்த ஊர்ச் சேரி ஜனங்கள் நிலத்தைக் கேட்டு வரும்போது எதிர்த் தரப்பில் நாமும் பிரதிவாதியாக நிற்போம். பிடுங்கினவன் பின்னால் நின்று சிரிப்பான். அந்த வழக்கில் நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் நமக்குத் தோல்விதான்.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். ஒவ்வொருத்தரும் உங்கள் வருவாய்க் கிராமத்தின் நிபந்தனை நிலங்களின் சர்வே எண்களைக் கேட்டு 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் தாலுகா ஆபீஸுக்கு ஒரு மனு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தரணும். பழைய ஏ பதிவேட்டின் நகலும், பழைய எண்ணுக்கு இன்றைய எண் என்ன என்ற ஒப்பீட்டுப் பட்டியலும் சேர்த்துக் கேளுங்கள். பதில் வரலைன்னா மேல்முறையீடு. வந்த பட்டியலைச் சேரி மன்றத்தில் எழுதி ஒட்டுங்கள். மனை வாங்கப் போகிறவனும் பார்க்கட்டும், விற்கப் போகிறவனும் பார்க்கட்டும். நிலம் பறிபோன குடும்பம் தெரிந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நில அபகரிப்புக்கும் வெளியேற்றத்துக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருக்கு, 3(1)(எஃப்), 3(1)(ஜி). அதையும் வக்கீலிடம் கேளுங்கள்.

களப்பணியாளர்களுக்கு ஒன்று. உங்கள் மாவட்டத்தில் சிவில் சட்டம் தெரிந்த, விலைபோகாத வக்கீல் ரெண்டு பேரை அடையாளம் கண்டு வையுங்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட ஒரு வக்கீலை வைத்திருக்கிறோம். பத்திரம் படிக்க ஒருத்தரும் இல்லை. சட்டக் கல்லூரியில் படிக்கிற நம்ம பிள்ளைகளும் கிரிமினல் பக்கம் மட்டும் போகாமல் தாலுகா ஆபீஸ் பதிவேடுகளோடு மல்லுக்கட்டக் கற்றுக்கொள்ளணும். தூசி நிறைய இருக்கும். ஆனால் நம்ம நிலம் அதுக்குள்ளேதான் இருக்கு.

இன்னும் சீட்டுகள் இருக்கு, நேரம் இல்லை. சாப்பாட்டு இடைவேளையில் பத்திர நகல் கொண்டுவந்தவங்க என்னிடம் வாங்க, உட்கார்ந்து படிப்போம்.